கூத்துக் கசெட்டுகளும் மதர்போட்டின் நீல ஜாக்கும்: மட்டக்களப்பு வீடொன்றில் நடந்த ஒலிமாற்றப் பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியை ஒட்டிய கரையோர ஊர் ஒன்றில் நடந்தது இது. வீட்டார் கேட்டுக்கொண்டபடி ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அந்த வீட்டின் பெரியவர், மட்டக்களப்பின் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. 1980களின் முற்பகுதியில், கூத்துப் பழகும் இரவுகளில் அவருடைய மருமகன் ஒரு ரேடியோ கசெட்டை வாங்கில் வைத்துச் சில பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தார். கரையோர வீட்டில் இருந்த கசெட்டுகளும் பதிந்த கருவியும் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயின. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உறவினர் வீட்டு அலுமாரிக்குள் கிடந்த ஒரு பிஸ்கட் தகரம் மட்டும் தப்பியது. அதற்குள் 11 கசெட்டுகள்.

கூத்துக் கொப்பி அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. கொப்பியில் விருத்தம், தரு என்ற பாட்டு வகைகளின் வரிகள் இருக்கும், யார் வரவு எங்கே என்பதும் இருக்கும். ஆனால் மெட்டு இருக்காது. எந்தச் சொல்லை இழுப்பது, எங்கே மத்தளம் விழ நிற்பது என்பதெல்லாம் அண்ணாவியாரின் தொண்டையிலும் பிற்பாட்டுக்காரரின் காதிலும்தான் இருந்தன. பிற்பாட்டுப் பாடியவர்களில் ஒருவர் மட்டுமே இன்று உயிரோடு இருக்கிறார். பாடசாலையில் படிப்பிக்கும் பேத்தி தன் பிள்ளைகளுக்கு அந்தக் கூத்தைப் பழக்க நினைத்தபோது, கொப்பி போதாது என்று கண்டு தகரத்தைத் திறந்தார். வேலை தொடங்கியது அங்கேதான்.

கையில் இருந்த பொருட்கள்

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப் கணினி இருந்தது. கைமாறி வாங்கியது. எச்81 சிப்செட் கொண்ட சிறிய மதர்போட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை), ரியல்டெக் ஏஎல்சி887 ஒலிச் சிப், வின்டோஸ் 10. கேசிங்கின் பின்பக்கத்தில் கீபோட்டுக்கும் மவுசுக்குமான வட்ட ஜாக்குகள், விஜிஏ, எச்டிஎம்ஐ, கறுப்பு யூஎஸ்பி 2.0, நீல யூஎஸ்பி 3.0, நெட்வேர்க் ஜாக், அதற்குக் கீழே மூன்று ஒலி ஜாக்குகள்: வெளிர்நீலம், பச்சை, ரோஸ். முன்பக்கத்தில் ஒரு பச்சையும் ஒரு ரோஸும்.

இந்த நிறங்கள் 1990களின் இறுதியில் வந்த பிசி 99 வழிகாட்டியோடு பொதுவழக்கானவை. பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, வெளிர்நீலம் லைன்-இன், அதாவது டெக் போன்ற கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் ஜாக். ஒரே பலகையில் விஜிஏ ஜாக்கும் நீலம், யூஎஸ்பி 3.0உம் நீலம், லைன்-இன்னும் நீலம் என்பதால், ‘நீலத்தில் குத்துங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னால் ஆள் குழம்பிவிடுவார். ஒலி ஜாக்கு வட்டமானது, மூன்றில் ஒன்று என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கசெட் ஓட்ட அயல்வீட்டிலிருந்து ஒரு ரேடியோ கசெட் வாங்கி வந்திருந்தார்கள். அதில் ஹெட்போன் ஜாக் மட்டுமே உண்டு.

நான் போவதற்கு முன் நடந்தவை

பேத்தி ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கணினியின் முன்பக்க ரோஸ் ஜாக்கில் குத்திப் பதிந்து பார்த்தார். பாட்டு கேட்டது. ஆனால் உச்சத்தில் எல்லாம் கிழிந்து, அடியில் ஒரு ‘ங்ங்’ என்ற இரைச்சலோடு, இடையிடையே ‘கிறீச் கிறீச்’ என்ற சத்தத்தோடு கேட்டது. கணினி திருத்தும் ஒரு கடையில் காட்டியபோது, போட்டில் சவுண்ட் பழுது, போட்டை மாற்ற வேண்டும் என்றிருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு வழியில்லாமல், ஒரு மலிவான யூஎஸ்பி சவுண்ட் குச்சியை வாங்கிப் போட்டார்கள். கிழிசலும் இரைச்சலும் அப்படியே இருந்தன. கூடவே ஒரு காதில் மட்டும் பதிந்தது. இப்படியான குச்சிகள் பெரும்பாலானவற்றில் உள்ளே போகும் ஜாக் ஒற்றைச் சனல் மைக் ஜாக்தான், லைன்-இன் கிடையாது.

இதற்கிடையில், ஒரே கூத்துக் கசெட்டையே திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது நாடாவுக்கு ஒவ்வொரு ஓட்டமும் தேய்மானம். நான் அழைக்கப்பட்டபோது எனக்கு முதலில் கவலை தந்தது இரைச்சல் அல்ல, இதுதான்.

முதல் முடிவு: வழி சுத்தமாகும் வரை கூத்துக் கசெட்டைத் தொடுவதில்லை

தகரத்தை மூடி அந்த வீட்டு அம்மாவின் கையில் கொடுத்தோம். சோதனைக்கெல்லாம் வீட்டில் கிடந்த ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கசெட் போதும். இன்னொன்றும் அப்போதே செய்தோம். கசெட்டின் மேல் விளிம்பில் இரு மூலையிலும் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. 11 கசெட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த நாக்கு உடைக்கப்படாமலே இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், ஒரு விரல் தவறினால் அண்ணாவியாரின் குரலுக்கு மேல் மின்விசிறிச் சத்தம் பதிந்துவிடும். எல்லா நாக்குகளையும் சிறு ஸ்குரூ ட்ரைவரால் உடைத்து எடுத்தபிறகுதான் கணினிப் பக்கம் திரும்பினோம்.

போட் பழுது என்ற முடிவை நான் ஏற்காததற்குக் காரணம் எளிது. ஏஎல்சி887இன் பதிவுப் பகுதிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஒலி-இரைச்சல் விகிதம் (கூடக் கூடச் சுத்தம்) 90 டெசிபெல். இரைச்சல் குறைப்பு இல்லாத சாதாரண கசெட் நாடாவுக்கு அது ஏறத்தாழ 50. அதாவது நாடா கொடுக்கக்கூடியதைவிடப் பல மடங்கு சுத்தமாக வாங்க அந்தச் சிப்பால் முடியும். சிப் உயிரோடு இருக்கிறது, ஸ்பீக்கரில் பாட்டுப் பாடுகிறது. ஆகவே குற்றம் சிப்புக்குப் போகும் பாதையில் இருக்க வேண்டும்.

மூன்று சத்தங்கள், மூன்று காரணங்கள்

வீட்டார் ‘இரைச்சல்’ என்று ஒரே சொல்லில் சொன்னதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். அதற்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அரை நிமிடம், அரை நிமிடமாக வெறுமையைப் பதிந்தோம். முதலில் எதுவும் குத்தாமல். பிறகு வயர் மட்டும் குத்தி. பிறகு நிறுத்தி வைத்த ரேடியோ கசெட்டோடு. கடைசியில் சினிமாக் கசெட் ஓட.

கிழிசலின் காரணம் உடனே தெரிந்தது. மைக் ஜாக் சில மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. மைக்குக்கென ஒரு சிறு வோல்ட்டையும் அதுவே வெளியே தருவது. ஹெட்போன் ஜாக்கோ சத்தத்தைக் கூட்டினால் ஒரு வோல்ட் அளவுக்குத் தரும். இதற்கு மேல், வின்டோஸில் மைக் ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட் +30 டெசிபெல்லில் நின்றது. பூஸ்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததும் கிழிசல் பெருமளவு போனது. ஆனால் மைக் ஜாக்கே இந்த வேலைக்கு உரியதல்ல என்பதால் அதோடு திருப்திப்படவில்லை.

கிறீச் சத்தம் மவுசை அசைக்கும்போதும் ஹாட் டிஸ்க் வேலை செய்யும்போதும் மாறியது. எதுவும் குத்தாத நிலையிலும் முன்பக்க ஜாக்கில் அது இருந்தது. கேசிங்கைத் திறந்து பார்த்தோம். முன்பக்க ஜாக்குகளிலிருந்து ஒரு மெல்லிய வயர்க் கற்றை, உறை எதுவுமில்லாமல், ஹாட் டிஸ்கின் மேலால் படிந்து, பவர் வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு, போட்டின் கீழ் மூலைக்குப் போயிருந்தது. அந்தக் கற்றையின் நுனியில் இரண்டு கொனெக்டர்கள் தொங்கும். ஒன்றில் ‘ஏசி97’ என்றும் மற்றதில் ‘எச்டி ஓடியோ’ என்றும் எழுதியிருக்கும். ஏசி97 என்பது 1997இல் வந்த பழைய முறை. 2004இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஓடியோ அதன் இடத்தைப் பிடித்தது. இந்தக் கணினியில் யாரோ பழைய கொனெக்டரை மாட்டியிருந்தார்கள். அதனால் முன்பக்கத்தில் எதையாவது குத்தினால் கணினிக்கு அது தெரியவே வராது. எச்டி ஓடியோ கொனெக்டருக்கு மாற்றி, கற்றையைக் கேசிங்கின் ஓரமாக ஒதுக்கிக் கட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். முன்பக்க ஒலி வயரை மாட்டும் பின் (உலோக ஊசி) வரிசையும் யூஎஸ்பி 2.0 பின் வரிசையும் பார்வைக்கு ஒன்று போலவே, இரண்டு நிரையில் பத்து இடமாக இருக்கும். ஒலி வரிசையில் 8ஆம் பின் இருக்காது, யூஎஸ்பி வரிசையில் 9ஆம் பின் இருக்காது. யூஎஸ்பி வரிசையில் 5 வோல்ட் வருகிறது. பின்னை வளைத்து மாறி மாட்டினால் ஜாக்கோடு நிற்காது, போட்டுக்கே கேடு வரலாம். டோச் அடித்துப் பார்த்து, போட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தை வாசித்தபிறகே மாட்ட வேண்டும்.

மூன்றாவது, அந்த ‘ங்ங்’. அது ரேடியோ கசெட்டைக் கரண்டில் குத்தி வயரையும் இணைத்தால் மட்டுமே வந்தது. ரேடியோ கசெட்டைப் பற்றரியில் ஓட்டினால் மிகவும் தணிந்தது. ஓடாசிட்டியில் அலைவரிசைப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முட்கள் எழும்பி நின்றன. இலங்கையின் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே இது கணினிக்குள் பிறந்த சத்தம் அல்ல, சுவரிலிருந்து வருவது.

நீல ஜாக் ஏன் ஊமையாக இருந்தது

கரண்ட் விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, வயரைப் பின்பக்க வெளிர்நீல ஜாக்குக்கு மாற்றினோம். ஒரு சத்தமும் வரவில்லை.

வின்டோஸின் பதிவுப் பட்டியலில் லைன்-இன் என்ற பெயரே காணப்படவில்லை. முடக்கி வைத்திருக்கும் கருவிகளையும் காட்டும்படி கேட்டோம். அப்போதும் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் ஜாக் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ரியல்டெக்கின் ஓடியோ மேனேஜரைத் திறந்தபோது காரணம் கிடைத்தது. ஸ்பீக்கர் அமைப்பு 5.1 என்றிருந்தது.

மூன்று ஜாக் மட்டுமுள்ள போட்டில் ஆறு ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமென்றால், ஜாக்குகளே வேலை மாறும். பச்சை முன் ஸ்பீக்கருக்கு நிற்கும், வெளிர்நீலம் பின் ஸ்பீக்கருக்குப் போகும், ரோஸ் நடு ஸ்பீக்கருக்கும் சப்வூபருக்கும் போகும். நிறம் என்பது பிளாஸ்டிக்கின் நிறம் மட்டுமே. அதற்குப் பின்னால் எந்த வேலை நடக்கிறது என்பதைச் சிப் தீர்மானிக்கிறது. இந்தக் கணினியை முன்பு வைத்திருந்தவர் படம் பார்க்க ஹோம் தியேட்டர் செட் ஒன்றை இணைத்திருக்க வேண்டும். அவர் செட்டைக் கழற்றிக்கொண்டு போனார். அமைப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே நாங்கள் ஒலியை உள்ளே அனுப்ப முயன்ற ஜாக், ஒலியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினோம். வயரைக் கழற்றித் திரும்பக் குத்தியதும், என்ன கருவி குத்தினீர்கள் என்று திரையில் கேட்டது. லைன்-இன் என்று தெரிவு செய்தோம். பாட்டு வந்தது. வலது பக்கத்தில் மட்டும்.

டோச்சை அந்த ஜாக்குக்குள் அடித்துப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் தொடுதகட்டில் பச்சை படிந்திருந்தது. பச்சை ஜாக்கும் ரோஸ் ஜாக்கும் அடிக்கடி குத்திக் கழற்றப்பட்டதால் தகடு மினுங்கியது. வருடக்கணக்காக எதுவும் குத்தப்படாத நீல ஜாக்கின் தகட்டை உப்புக் காற்று பிடித்துவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் கணினி திருத்துபவர் எவரும் இதைப் பல தடவை கண்டிருப்பார். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கொன்டக்ட் கிளீனரைக் கொஞ்சமாக ஒரு பழைய பிளக்கில் தெளித்து, அதை ஜாக்குக்குள் பலமுறை குத்திச் சுழற்றி எடுத்தோம். பிளக்கில் கரும்பச்சை அழுக்கு ஒட்டி வந்தது. காய விட்டபின் இரண்டு பக்கமும் சம அளவில் வந்தது.

சுவரில் இருந்த கோளாறு

கேசிங்கைத் திறந்து வேலை செய்தபோது, பேத்தி ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொன்னார். “அண்ணா, இந்தப் பெட்டியில வெறுங்காலோட நிண்டு கை வச்சா சுரீர் எண்டு இழுக்கும். அது பழகிப் போச்சு.”

அந்த ஒரு வாக்கியம் மூன்றாவது சத்தத்தின் கதையை முழுவதுமாகச் சொல்லிவிட்டது. கணினியின் பவர் சப்ளைக்குள், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேசிங்குக்கு இரண்டு சிறு கபாசிற்றர்கள் இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தில் கலந்துவரும் குப்பையை எர்த்துக்கு, அதாவது நிலத்துக்குள் போகும் கம்பிக்கு, வடிப்பது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் வடிய இடமில்லாமல் கேசிங் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால்தான் சுரீரோடு நிற்கிறது. ஆனால் ரேடியோ கசெட்டை ஒரு வயரால் இணைத்தவுடன், அந்தக் கசிவு ஒலி வயரின் உறை வழியே ரேடியோ கசெட்டுக்குள் போய், அதன் ட்ரான்ஸ்போமர் வழியே திரும்பவும் கரண்டுக்குப் போகப் பார்க்கும். போகிற வழியில் பாட்டோடு கலக்கும்.

கணினி ஒரு மல்டி பிளக்கில் இருந்தது. அது சுவரின் மூன்று துளைப் பிளக் பேஸில்தான் குத்தப்பட்டிருந்தது. எர்த் இருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். வயரிங் வேலை தெரிந்தவரை அழைத்தோம். அவர் பிளக் பேஸைச் சோதித்துவிட்டு நேரே வீட்டின் பின்புறம் போனார். கிணற்றடியில் மணலுக்குள் அடித்திருந்த எர்த் கம்பியின் தலையைத் தோண்டிக் காட்டினார். வீட்டிலிருந்து வந்த பச்சை வயர் அங்கே இருந்தது. அதைக் கம்பியோடு பிடித்திருந்த கிளிப் துருவாகி உதிர்ந்து, வயர் மணலில் தனியே கிடந்தது. எங்கள் நாட்டில் வீடுகளுக்கு அந்தந்த வீட்டுக் கம்பியே எர்த். அது விடுபட்டால் ஒலி கெடுவது சிறிய விஷயம். கருவி ஏதாவது கேசிங்குக்குக் கரண்ட் விட்டால், ட்ரிப் சுவிட்ச் முன்கூட்டியே விழாது. ஆள் தொட்டு, ஆளின் உடம்பு வழியே கசிந்தபிறகே விழும்.

அவர் பித்தளைக் கிளிப் போட்டு, புது வயர் இழுத்து, இணைப்பின் மேல் கிறீஸ் பூசினார். அன்றே கேசிங்கின் சுரீர் போனது. ‘ங்ங்’ சத்தம் கிட்டத்தட்ட அடங்கியது. முன்பக்க மைக் ஜாக்கில் மைனஸ் 38 டெசிபெல் அளவில் நின்ற வெறுமை, பின்பக்க லைன்-இன்னில் மைனஸ் 70க்குக் கீழே இறங்கியது.

இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் சரியாக இருந்தும் இரண்டு கருவிகளுக்கிடையில் இரைச்சல் வந்தால், ஒலி வயரின் நடுவே போடும் சிறு ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

எந்த டெக்கில் ஓட்டுவது

ரேடியோ கசெட்டை ஒதுக்கிவிட்டு, என்னிடமிருந்த ஒரு கசெட் டெக்கைக் கொண்டுபோனேன். அதன் பின்னால் சிவப்பு, வெள்ளை லைன்-அவுட் ஜாக்குகள் உண்டு. சத்தப் பொத்தானோடு தொடர்பில்லாமல் ஒரே அளவில் ஒலி தருபவை. மதர்போட்டின் லைன்-இன் எதிர்பார்ப்பதும் அந்த அளவைத்தான். இரண்டையும் இணைக்கும் வயர் சில நூறு ரூபாய். நான் போனபின் கணினிப் பக்கத்தில் புதிதாக வாங்கிய கருவி அது ஒன்றுதான்.

நாடாவை வாசிக்கும் ஹெட்டைத் துடைத்து, சினிமாக் கசெட்டை ஓட்டிப் பார்த்தபின், முதல் கூத்துக் கசெட்டைப் போட்டோம். குரல் வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மந்தமாக. பதிந்த ரேடியோ கசெட்டின் ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்காமல் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் இப்படி வரும். அதே கருவியில் ஓட்டினால் அதே சாய்வு என்பதால் தெரியாது. அந்தக் கருவி இன்று இல்லை. ஆகவே டெக்கின் ஹெட்டை நாடாவுக்கு ஏற்பச் சாய்க்க வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு ஸ்குரூவை மெல்ல, மிக மெல்லத் திருப்பிக்கொண்டு கேட்டோம். எதை வைத்துச் சரி என்று முடிவு செய்வது? கூத்தில் தட்டும் சிறு தாளமான சல்லாரியை வைத்துத்தான். மத்தளமும் குரலும் சாய்வுக்கு அதிகம் அசையாது, ஆனால் சல்லாரியின் ‘சிங்’ என்ற நுனி ஒலி, சாய்வு சரிந்தால் ‘சுக்’ என்று சுருங்கிவிடும். ஒரு புள்ளியில் ஸ்குரூ வந்தபோது சல்லாரி தெளிந்து, அறைக்குள் யாரோ தட்டுவதுபோல எழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, “மனே, அந்த மனிசன் இப்பதான் வாயத் திறந்து பாடுறார்” என்றார்.

ஒவ்வொரு கசெட்டுக்கும் இதைத் தனித்தனியே செய்தோம்.

வின்டோஸில் மாற்றியவை

இது சுருக்கமாகச் சொல்லக்கூடியது. லைன்-இன்னில் ஒலி மேம்படுத்தல்கள் அனைத்தையும் நிறுத்தினோம். இரைச்சல் நீக்கி, எதிரொலி நீக்கி போன்றவை பேச்சுக்காக எழுதப்பட்டவை. மத்தளத்தின் தொடர் அடியை இரைச்சல் என்று எண்ணிக் கரைத்துவிடும். தனியுரிமைப் பகுதியில் மைக்ரோபோன் அனுமதி மூடியிருந்தால் லைன்-இன்னிலும் வெறுமைதான் பதியும், அதைத் திறந்தோம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. ஒலி ஆவணங்களைப் பேணுவோரின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சம் என்று சொல்லும் அளவு அது. நாடா ஒற்றைச் சனல் என்றாலும் இரண்டு பக்கமும் பதிந்தோம். பிறகு எந்தப் பக்கம் சுத்தமோ அதை எடுக்கலாம். அளவுமானி மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் ஆடும்படி வைத்தோம். பதிவு ஓடும்போது நெட்வேர்க் வயரைக் கழற்றி, வின்டோஸின் அறிவிப்புச் சத்தங்களையும் நிறுத்தினோம்.

விளைவு

11 கசெட்டுகளில் 9 நேராகவே பதியப்பட்டன. ஒன்றில் நாடா தொடக்கத்தில் அறுந்திருந்தது. அதை ஒட்டி, ஸ்குரூ போட்ட வேறொரு கசெட் கூட்டுக்குள் மாற்றிப் பதிந்தோம். ஒன்றில் நாடாச் சுற்றின் ஓரமெங்கும் வெள்ளைப் பூஞ்சணம். அதை டெக்கில் போடவே இல்லை. பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தொற்றும் என்பதோடு, ஒட்டிக்கொண்ட சுற்றுகளைப் பலவந்தமாக இழுத்தால் நாடாவின் பூச்சே உரிந்துவிடலாம்.

ஒரு கசெட்டில் எதிர்பாராத சிக்கல் இருந்தது. பாட்டு முடிவை நெருங்க நெருங்க அண்ணாவியாரின் குரல் மெல்லியதாகி, தாளம் துரிதமானது. டெக்கில் கோளாறு இல்லை. வேறு கசெட்டுகள் சரியாக ஓடின. அன்று பதிந்த ரேடியோ கசெட்டின் பற்றரி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பதியும்போது நாடா மெல்ல ஓடினால், சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறிக் கேட்கும். மூலக் கோப்பில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பிரதி ஒன்றை எடுத்து, உயிரோடு இருக்கும் பிற்பாட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்தி, அவர் “இதுதான் அவரிட சுருதி” என்று சொல்லும் இடம்வரை பகுதி பகுதியாக வேகத்தைக் குறைத்தோம். அவருடைய காதைத் தவிர அதற்கு வேறு அளவுகோல் இல்லை. அவர் இருக்கும்போதே அது நடந்ததை இந்த வேலையின் மிகப் பெறுமதியான பகுதியாக நான் நினைக்கிறேன். பேத்தி இப்போது அந்தப் பிரதியை வைத்துத்தான் பிள்ளைகளுக்குத் தருக்களைச் சொல்லிக்கொடுக்கிறார்.

60 நிமிடக் கசெட் ஒன்று ஏறத்தாழ 1 ஜிபி, 90 நிமிடக் கசெட் ஒன்றரை ஜிபி. எல்லாம் சேர்ந்து 12 ஜிபிக்குள் அடங்கியது. ஒரு பிரதி வீட்டுக் கணினியில். ஒன்று வெளி டிஸ்க்கில், படுவான்கரையில் முன்பு தகரம் இருந்த அதே உறவினர் வீட்டில். மூன்றாவது வெளிநாட்டில் இருக்கும் மகனிடம். கடலோரத்தில் மட்டும் வைப்பதில்லை என்பதில் அம்மா உறுதியாக இருந்தார்.

அடுத்த முறை மாறுபவை

இப்படியொரு வீட்டுக்கு இனிப் போகும்போது வரிசையை மாற்றுவேன். முதலில் எர்த். கேசிங்கில் கை வைத்தால் இழுக்கிறதா என்ற ஒரு கேள்வி, கணினியைத் திறப்பதற்கு முன்பே கேட்கக்கூடியது. அதற்கு விடை ஆம் என்றால், ஒலி வேலைக்கு முன் வயரிங்காரர் வர வேண்டும்.

கைமாறி வாங்கிய கணினியென்றால், ஜாக்கின் நிறத்தை நம்பாமல் ரியல்டெக் மேனேஜரில் ஸ்பீக்கர் அமைப்பை முதலில் பார்ப்பேன். இங்கே அதைப் பார்க்காமல் விட்டிருந்தால், நல்ல ஜாக் ஒன்றைப் பழுதென்று தள்ளியிருப்போம். பயன்படுத்தாத ஜாக்குகளுக்கு ரப்பர் மூடி போடுவதையும், மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிளக்கைக் குத்தி எடுப்பதையும் கரையோர ஊர்களில் வழக்கமாக்க வேண்டும். செலவில்லாத வேலை.

பழைய டெஸ்க்டொப்பை விற்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கசெட் இருந்தால், விற்பதற்கு முன் அவற்றை மாற்றி முடியுங்கள். மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஜாக்தான், லைன்-இன் இல்லை. புதிய டெஸ்க்டொப் போட்டுகளிலும் சிலவற்றில் இரண்டு ஒலி ஜாக்குகளும் ஒரு ஒப்டிகல் துளையும் மட்டுமே வருகின்றன. வாங்கும்போது பின்பக்கத்தை எண்ணிப் பார்த்து, வெளிர்நீலம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பூஞ்சணம் பிடித்த கசெட் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தில் அதைத் திறப்பது ஆபத்து. சித்திரைக்குப் பின், காற்று நன்றாக உலர்ந்த பிறகு, பூஞ்சண நாடாவைக் கையாண்டு பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறப்பதாக வீட்டாரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். அதன் அட்டையில் அண்ணாவியாரின் கையெழுத்தில் ‘அரங்கேற்றம்’ என்று எழுதியிருக்கிறது. மற்றப் பத்தும் பழகும் இரவுகளில் பதிந்தவை.